ஸ்கிட்மோர், 1981: சாட்சி இல்லாத ஊர்

1981 ஜூலை 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், வடமேற்கு மூலையில் இருக்கும் ஸ்கிட்மோர் என்ற சிற்றூரில் காலையிலேயே ஒரு கூட்டம். முன்னாள் படைவீரர்களின் லீஜன் மண்டபத்தில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். ஊர் அடங்கிய நோடவே கௌன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃபும், அதாவது காவல் தலைவரும், வந்திருந்தார். பேச்சு முழுக்க ஒரே ஓர் ஆளைப் பற்றித்தான்: கென் ரெக்ஸ் மெக்கெல்ராய். மளிகைக் கடைக்கார முதியவர் ஒருவரைக் கழுத்தில் சுட்ட வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகியும், மேல்முறையீட்டைக் காட்டி ஜாமீனில் வெளியே இருந்தவன். எங்களை நாங்கள் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று ஊரார் கேட்டார்கள். அவனோடு நேருக்கு நேர் மோதாதீர்கள், அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்துக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு ஷெரிஃப் காரில் ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அதே நேரத்தில் மெக்கெல்ராய் ஊருக்குள்தான் இருந்தான். மனைவியோடு வந்து மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்ற செய்தி மண்டபத்துக்கு எட்டியதும், கூட்டம் மொத்தமாக அங்கே நகர்ந்தது. கடை நிறைந்துவிட்டது. அவன் பதறவில்லை. குடித்து முடித்தான், ஆறு பீர் வாங்கிக்கொண்டான், வெளியே வந்து தன் பிக்கப் வண்டியில் ஏறினான். துப்பாக்கிகள் வெடித்தன. இரண்டு வெவ்வேறு ரைஃபிள்களின் தோட்டாக்கள் அவன் மேல் பாய்ந்திருந்தன.

அந்த இடத்தில் இருந்தவர்கள் 46 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. ஆம்புலன்ஸை யாரும் கூப்பிடவில்லை. சுட்டவர் இன்னார் என்று அடையாளம் சொன்னது வண்டிக்குள் அவன் பக்கத்தில் இருந்த மனைவி மட்டும்தான். மற்றவர்களில் சிலர் யார் சுட்டார்கள் என்று தெரியவில்லை என்றார்கள், மற்றவர்கள் எதையுமே பார்க்கவில்லை என்றார்கள். இன்றுவரை இந்தக் கொலைக்காக ஒருவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை.

இதை 'ஊரே சேர்ந்து ஒரு ரவுடியைத் தீர்த்துக்கட்டிய கதை' என்று கைதட்டிச் சொல்பவர்கள் நிறையப் பேர். காட்டுமிராண்டித்தனம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு இந்த வழக்கில் வேறொரு விஷயம்தான் உறுத்துகிறது. ஸ்கிட்மோரில் புகார் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஷெரிஃப் இருந்தார், அரசு வழக்கறிஞர் இருந்தார், நீதிமன்றமும், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியும் இருந்தன. ஆனால் புகார் கொடுத்த நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் நடுவில் இருக்கும் அந்த மாதங்களில், புகார்தாரரும் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே ஊரில், ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நடமாட வேண்டியிருந்தது. சின்ன ஊரின் பாதுகாப்பு அந்த மாதங்களில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது. ஸ்கிட்மோரில் அது திரும்பத் திரும்ப விழுந்தது.

எண்கள் சொல்லும் ஸ்கிட்மோர்

1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்கிட்மோரின் மக்கள் தொகை 437. குற்ற விகிதத்தை அமெரிக்காவில் 1,00,000 பேருக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். 1981இல் அந்த நாட்டின் கொலை விகிதம் 9.8. ஸ்கிட்மோரில் அந்த ஆண்டு நடந்த இந்த ஒரு கொலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விகிதம் சுமார் 229 ஆகிறது. நாட்டின் சராசரியைப்போல 23 மடங்கு! அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது போர்க்களம். கொலையே நடக்காத ஓர் ஆண்டில் இதே ஊரின் விகிதம் பூஜ்ஜியம், அட்டவணையில் சொர்க்கம். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் வரவே வழியில்லை. முக்கால் கொலை என்று ஒன்று கிடையாதே.

கணக்கைத் திருப்பியும் போடலாம். 437 பேர் உள்ள ஊரில், நாட்டின் சராசரி அளவுக்கே கொலை நடந்தாலும், சுமார் 23 ஆண்டுகளுக்கு ஒன்றுதான் நடக்கும். அதாவது ஒரு தலைமுறைக்கு ஒரு கொலை என்பது 'சராசரி'. அந்த ஒன்று எந்த ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டு ஊரின் பெயர் கெடும். சின்ன ஊர்களின் குற்ற விகிதத்தை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டு 'இத்தனை சதவீதம் உயர்வு' என்று எழுதும் செய்திகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காரணம் இந்த எளிய வகுத்தல்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், எண்ணுக்குள் வராத குற்றங்கள். மெக்கெல்ராய் சுட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். ஆகவே கொலைக் கணக்கில் அவர்கள் இல்லை. ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு மணிக்கணக்கில் வெறித்துப் பார்ப்பது அன்றைக்கு எந்தக் குற்றப் பட்டியலிலும் இல்லாத செயல். அப்புறம், புகார் கொடுக்கப் பயந்து வீட்டோடு இருந்தவர்களின் நட்டம் எந்த அட்டவணையில் ஏறும்? பதிவாகும் குற்றங்களை மட்டும் பார்த்தால் போதாது, பாதிக்கப்பட்டவர்களிடமே போய்க் கேட்க வேண்டும் என்று அமெரிக்காவில் நாடு தழுவிய கணக்கெடுப்பு தொடங்கியதே 1970களில்தான். போலீஸ் வரை போகாத குற்றங்கள் எவ்வளவு அதிகம் என்பதை அந்தக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் காட்டிவருகிறது. ஸ்கிட்மோர் அந்த இடைவெளிக்கு ஒரு குக்கிராம உதாரணம்.

ஓர் ஆள், பல வழக்குகள்

மெக்கெல்ராய் 1934இல் பிறந்தவன். நிலம் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்த ஏழைக் குடும்பம். 16 பிள்ளைகளில் 15ஆவது. பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவன். ராக்கூன் என்ற சிறு காட்டு விலங்கை வேட்டையாடுவான். அது போக ஆடு மாடு, தானியம், பெட்ரோல் என்று கைக்குக் கிடைத்ததைத் திருடுகிறான் என்ற சந்தேகம் எப்போதும் அவன் மேல் இருந்தது. 21 முறை குற்றம் சாட்டப்பட்டவன் என்று கணக்குச் சொல்வார்கள். கடைசி வழக்கைத் தவிர ஒன்றிலும் தண்டனை கிடையாது. திறமையான வழக்கறிஞர் ஒருவர் அவனுக்காகத் தொடர்ந்து ஆஜரானார். அது அவருடைய தொழில். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வழக்குகள் விழுந்ததற்கு வழக்கறிஞரின் வாதத்தைவிட, சாட்சிகள் வராமல் போனதும் வந்தவர்கள் பல்டி அடித்ததும்தான் பெரிய காரணம் என்று ஊரில் சொல்வார்கள்.

எப்படி என்று புரிந்துகொள்ள 1973ஆம் ஆண்டு வழக்கைப் பார்க்க வேண்டும். ஒரு சிறுமியை மெக்கெல்ராய் சந்தித்தபோது அவளுக்கு 12 வயது. 14 வயதில் அவள் கர்ப்பம். குழந்தை பிறந்து 16 நாளில் அவள் தப்பித்துப் பெற்றோர் வீட்டுக்குப் போனாள். அவன் தேடிப்போய் அவளைத் திரும்பக் கூட்டிவந்தான். பிறகு பெற்றோர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அங்கே போய், நாயைச் சுட்டுக்கொன்று வீட்டுக்குத் தீ வைத்தான் என்பது குற்றச்சாட்டு. தீ வைப்பு, தாக்குதல், சிறுமியைப் பாலுறவுக்கு உட்படுத்தியது என்று வழக்குகள் பதிவாயின. 2,500 டாலர் ஜாமீனில் வெளியே வந்தான்.

சிறுமியையும் குழந்தையையும் பாதுகாப்புக்காக, கௌன்டியின் தலைநகரான மேரிவில்லில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். மெக்கெல்ராய் அந்த வீட்டைக் கண்டுபிடித்தான். வெளியே மணிக்கணக்கில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள், எந்தப் பஸ்ஸில் போகிறாள் என்று எனக்குத் தெரியும், என் பெண்ணைக் கொடுத்தால் உங்கள் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்ற தோரணையில் அந்தக் குடும்பத்திடம் பேரம் பேசியதாகவும் புகார். இதற்காகவும் வழக்குகள் சேர்ந்தன.

பாலியல் வழக்குக்கு ஒரே சாட்சி அந்தச் சிறுமி. அப்போதிருந்த மனைவியை விவாகரத்து செய்துவிட்டு, சாட்சியையே திருமணம் செய்துகொண்டான். வழக்கு அத்தோடு முடிந்தது. 1981இல் பிக்கப் வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இவள்தான்.

அடுத்தது 1976 ஜூலை. தன் நிலத்தில் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்டு, என்ன ஏது என்று பார்க்கப் போன ஒரு விவசாயியை மெக்கெல்ராய் இரண்டு முறை சுட்டதாக வழக்கு. விவசாயி பிழைத்தார், புகார் கொடுத்தார், பின்வாங்கவும் இல்லை. விசாரணைக்காகக் காத்திருந்த காலத்தில் குறைந்தது 100 முறையாவது மெக்கெல்ராய் தன் வீட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தியிருந்தான் என்று அவர் சொன்னார். நூறு முறை! அதையும் தாங்கிக்கொண்டு அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அன்றைக்கு மெக்கெல்ராய் எங்களோடு வேறிடத்தில் இருந்தான் என்று ராக்கூன் வேட்டைக்காரர்கள் இருவர் சாட்சி சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் விவசாயியின் பழைய கதை ஒன்று வெளியே வந்தது. 30 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சில்லறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டதை அவர் மறைத்திருந்தார். ஜூரி மெக்கெல்ராயை விடுதலை செய்தது.

இந்த வழக்கைத்தான் நான் திருப்பு முனையாகப் பார்க்கிறேன், 1981ஐ அல்ல. சட்டப்படி ஜூரி தவறு செய்தது என்று சொல்ல முடியாது. ஐயமற நிரூபிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஊர் அதிலிருந்து படித்துக்கொண்ட பாடம் வேறு. நெஞ்சில் துணிவோடு நின்ற ஒரே ஆள் மாதக்கணக்கில் மிரட்டலைச் சகித்து, கடைசியில் கூண்டில் அவமானப்பட்டு வீடு திரும்பினார். சுட்டதாகச் சொல்லப்பட்டவன் தெருவில் நடந்தான். இதைக் கண்ணால் பார்த்த எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த முறை சாட்சி சொல்லப் போவார்?

மிட்டாயில் தொடங்கியது

1980இல் மளிகைக் கடையில் ஒரு சின்னத் தகராறு. மெக்கெல்ராயின் பிள்ளைகளில் ஒன்று மிட்டாயைக் காசு கொடுக்காமல் எடுத்ததாகக் கடைப் பணியாளர் சொல்லப்போக, அந்தக் குடும்பம் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. கடையின் உரிமையாளருக்கு 70 வயது. அதற்கப்புறம் மெக்கெல்ராய் கடைக்காரர் குடும்பத்தைப் பின்தொடர ஆரம்பித்தான். ஒரு நாள் கடையின் பின்பக்கம் நின்றிருந்தவரைக் கழுத்தில் சுட்டான். அவரும் பிழைத்தார்.

இந்த முறை ஜூரி குற்றவாளி என்றது. ஆனால் கொலை முயற்சிக்கு அல்ல, அதைவிடக் குறைந்த தாக்குதல் குற்றத்துக்கு. தண்டனை இரண்டு ஆண்டு. மிசூரியில் தண்டனையின் அளவையும் ஜூரியே சொல்லும். 21 குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் தண்டனை. மேல்முறையீடு செய்தான், ஜாமீன் கிடைத்தது, ஊருக்குத் திரும்பினான். கொஞ்ச நாளில் எம்-1 கேரண்ட் ராணுவ ரைஃபிளில் குத்தீட்டி மாட்டி எடுத்துக்கொண்டு மதுக்கடைக்கு வந்து, கடைக்காரரை என்ன செய்யப்போகிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி விவரித்தான்.

ஜாமீனில் இருப்பவன் துப்பாக்கியோடு ஊருக்குள் வரக் கூடாது. ஆகவே ஜாமீனை ரத்து செய்ய வழி இருந்தது. இதுவரை வாய் திறக்காத ஊரில் சிலர் அன்று வாய் திறந்தார்கள். ரைஃபிளைப் பார்த்தோம் என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த வழக்கின் மிகத் துணிச்சலான செயல் அந்தக் கையெழுத்துகள்தான். ஜாமீன் ரத்துக்கான விசாரணை ஜூலை 10க்கு வைக்கப்பட்டது. சாட்சிகளைத் தனியே அனுப்பாமல் ஊரே துணைக்குப் போவது என்றும் பேசிவைத்திருந்தார்கள். பிறகு வாய்தா. விசாரணை தள்ளிப்போனது. கையெழுத்துப் போட்டவர்களின் பெயர் எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அவன் வெளியேதான் இருக்கிறான். லீஜன் மண்டபத்தில் அன்று கூடியவர்கள் பழிவாங்கும் வெறியில் வந்த கும்பல் இல்லை. நீதிமன்றத்துக்குக் கிளம்பத் தயாராக இருந்து, கிளம்ப முடியாமல் போனவர்கள்.

இது கொலையை நியாயப்படுத்தாது. இரண்டு ஆண்டு தண்டனை பெற்ற ஒருவனை விசாரணையில்லாமல் நடுத்தெருவில் கொன்றார்கள்; பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் செத்திருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் கதவு அடைபட்டது என்று கேட்டால், அந்த வாய்தாவைத்தான் கை காட்டுவேன்.

சட்டத்தில் இருந்த ஓட்டைகள்

இன்றைய கண்ணோடு படித்தால், அவனை ஏன் உள்ளே தள்ளவில்லை என்று எரிச்சல் வரும். 1970களின் சட்டப் புத்தகத்தை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் கொஞ்சம் விளங்கும்.

ஒருவரை விடாமல் பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியா, ஆண்டு 1990. அதாவது விவசாயியின் வீட்டு வாசலில் 100 முறை வண்டியை நிறுத்தியபோது, பொதுச் சாலையில் ஒருவன் வண்டியில் உட்கார்ந்திருந்தான் என்பதற்குமேல் போலீஸ் எழுத ஒன்றும் கிடையாது. ஜாமீனிலும் இதே கதை. குற்றம் சாட்டப்பட்டவர் ஓடிவிடுவாரா என்பதுதான் பழைய காலக் கேள்வி. ஊருக்கு அவரால் ஆபத்தா என்று பார்த்து, விசாரணைக்கு முன்பே அடைத்துவைக்கலாம் என்று கூட்டாட்சிச் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், தெளிவாகச் சொன்னது 1984இல். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது 1987இல். சாட்சிகளை மிரட்டுவதற்கு எதிரான விரிவான கூட்டாட்சிச் சட்டம் 1982 அக்டோபரில் வந்தது, மெக்கெல்ராய் செத்து 15 மாதம் கழித்து. இந்தச் சட்டங்கள் ஸ்கிட்மோரால் வந்தவை என்று சொல்ல வரவில்லை. அவை கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கானவை, மாநில வழக்குகளில் நேரடியாகச் செல்லாது. ஆனால் சட்டம் எந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தது என்பதை அந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

சாட்சியைத் திருமணம் செய்து வழக்கை உடைத்த வழி இன்னும் மெதுவாக அடைந்தது. மிசூரியில் 16 வயதுக்குக் கீழ் யாரும் திருமணம் செய்யக் கூடாது என்று ஆனதே 2018இல்தான்.

தூரமும் ஒரு காரணம். நோடவே கௌன்டியின் பரப்பு சுமார் 2,270 சதுர கிலோமீட்டர். மக்கள் அன்று 22,000 பேர். ஷெரிஃப் அலுவலகம் இருப்பது மேரிவில்லில், ஸ்கிட்மோரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நள்ளிரவில் போன் செய்தால் வண்டி வருவதற்குள் வாசலில் நிற்பவன் என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகலாம். சின்ன ஊரில் குற்றம் குறைவு என்பார்கள். உதவியும் குறைவு என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஆள் என்ற கேள்வி

குற்றவியலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு உண்டு. மார்வின் வுல்ஃப்காங்கும் அவருடைய குழுவினரும் பிலடெல்பியாவில் 1945இல் பிறந்த 9,945 ஆண்களின் பதிவுகளை 18 வயதுவரை தொடர்ந்து பார்த்து, 1972இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ போலீஸில் சிக்கிய 627 பேர், அதாவது 6 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஒரு கூட்டம், மொத்தக் குற்றங்களில் பாதிக்குமேல் செய்திருந்தது. பெருநகரத்தில் 6 சதவீதம் என்றால் முகம் தெரியாத சில நூறு பேர். 437 பேர் ஊரில் அது எல்லாருக்கும் பெயர் தெரிந்த ஒரு சிலராகச் சுருங்கிவிடும். ஸ்கிட்மோருக்குத் தேவைப்பட்டது குற்றத் தடுப்புத் திட்டம் எதுவும் அல்ல, ஒரே ஒரு வழக்காவது நேரத்தில் முடிவது.

சின்ன ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள், அந்த ஒற்றுமையே பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் மூவரும் சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேள்வி கேட்டு 1997இல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. பக்கத்து வீட்டாரை நம்புகிறீர்களா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் சுற்றினால் அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா என்பது மாதிரியான கேள்விகள். நம்பிக்கையும் தலையிடும் மனமும் சேர்ந்திருந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது.

சரி, ஸ்கிட்மோரில் நம்பிக்கைக்குக் குறைவா? 46 பேர் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காத்த ஊர் அது. நம்பிக்கை அதற்குமேல் இருக்க முடியாது. ஊர் சுற்றும் சிறுவனைக் கண்டிப்பது ஒன்று. குத்தீட்டி மாட்டிய ரைஃபிளோடு நிற்பவனை எதிர்ப்பது வேறு. பின்னதற்கு, கண்டித்தவருக்குப் பின்னால் அரசு நிற்க வேண்டும். அது நிற்காதபோது அதே ஒற்றுமை எங்கே போய் முட்டும் என்பதைத்தான் ஜூலை 10 காட்டியது.

பார்க்காதவர்கள்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் மூடியது. மரண விசாரணைக்கான ஜூரி, அடையாளம் தெரியாதவர்களால் கொல்லப்பட்டான் என்று முடித்துக்கொண்டது. கௌன்டி அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்தார். ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு கொலை வழக்கு நடத்துவது சுலபம் இல்லை. மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வந்து ஊர் முழுக்க விசாரித்தது. அங்கேயும் குற்றச்சாட்டு எழவில்லை.

இந்த மௌனத்தைப் பலரும் புதிர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது புதிராகத் தெரியவில்லை. சாட்சி சொன்னால் என்ன ஆகும் என்று மெக்கெல்ராய் அந்த ஊருக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்தான். வாய் திறக்காதவர்கள் பிழைத்தார்கள். திறந்தவர்களுக்கு வீடு எரிந்தது, வாசலில் வண்டி நின்றது. அந்தப் பழக்கத்தைத்தான் ஊர் ஜூலை 10 அன்று சட்டத்தின் முன் திருப்பிப் போட்டது. முன்பு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்து மௌனமாக இருந்தார்கள், இப்போது சேர்ந்து மௌனமாக இருந்தார்கள்.

பேசியது ஒரே ஓர் ஆள். 1973இல் எந்தச் சிறுமியைச் சாட்சி சொல்லவிடாமல் திருமணத்தால் வாயடைத்தார்களோ, அவளேதான் 1981இல் கொலைக்கு ஒரே சாட்சி. முதல் முறை அவளுக்குச் சட்டம் துணை நிற்கவில்லை. இரண்டாவது முறை ஊர் நிற்கவில்லை. அவளை யாரும் பெரிதாக நினைத்துப் பார்ப்பதில்லை என்பது இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபம். 1984இல் அவர் ஊர், கௌன்டி, ஷெரிஃப், மேயர், தான் அடையாளம் காட்டிய நபர் ஆகியோர்மீது 50 லட்சம் டாலர் கேட்டு உரிமையியல் வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றத்துக்கு வெளியே 17,600 டாலருக்குச் சமரசம் ஆனது. யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குச் செலவை மிச்சப்படுத்தவே பணம் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

சபிக்கப்பட்ட ஊரா?

2000இல் ஸ்கிட்மோரில் ஒரு பெண் தன் காதலனால் அடித்துக் கொல்லப்பட்டார். 2001 ஏப்ரலில் 20 வயது இளைஞர் ஒருவர் வீட்டுக்கருகே காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்னும் துலங்கவில்லை. 2004 டிசம்பர் 16 அன்று 23 வயதுக் கர்ப்பிணி ஒருவர் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டு, வயிற்றிலிருந்த குழந்தை எடுத்துச் செல்லப்பட்டது. ஊடகங்களுக்கு இது போதாதா? சாபம் பிடித்த ஊர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

அப்போதைய மக்கள் தொகை 342. ஐந்து ஆண்டில் இரண்டு கொலை என்று வகுத்தால் விகிதம் மீண்டும் நாட்டின் சராசரியைப்போல 20 மடங்குக்கு மேல் போகும். ஆனால் ஒன்று வீட்டுக்குள் நடந்த வன்முறை. மற்றொன்றைச் செய்தவர் கான்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த பெண். நாய்க்குட்டி வாங்க வருவதாக இணையத்தில் பேசி முகவரி வாங்கியவர். இரண்டையும் ஸ்கிட்மோர் என்ற பெயரைத் தவிர வேறெதுவும் இணைக்கவில்லை. சின்ன எண்களில் விதியைத் தேடினால் சாபம்தான் கிடைக்கும்.

2004 வழக்கை நான் கவனிப்பது வேறு காரணத்துக்காக. மகளைக் கண்ட தாய் உடனே அவசர உதவியை அழைத்தார். குழந்தைக் கடத்தலுக்கான பொது எச்சரிக்கையை, பிறந்ததாகவே பதிவாகாத ஒரு குழந்தைக்காக வெளியிட முதலில் தயங்கினார்கள். அப்போதைய ஷெரிஃப் விடாமல் வற்புறுத்தி அதை வெளியிட வைத்தார். கணினியில் இருந்த செய்திகளைப் பின்தொடர்ந்து மறுநாளே கான்சாஸில் குழந்தையை உயிரோடு மீட்டு, அந்தப் பெண்ணைக் கைது செய்தார்கள். 2021 ஜனவரி 13 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1953க்குப் பிறகு கூட்டாட்சி அரசு ஒரு பெண்ணுக்கு அதை நிறைவேற்றியது அதுவே முதல் முறை.

அதே கௌன்டி, அதே ஊர், 1981இல் மதுக்கடைக்கு முன்னால் நின்றவர்களில் சிலர் அப்போதும் அங்கேதான் குடியிருந்தார்கள். குற்றவாளி வெளியூர், மறுநாளே அவர் சிறையில். பேசியவர்களின் வீட்டு வாசலில் வந்து நிற்க யாரும் மிச்சமில்லை.

மிசூரியில் கொலைக்குக் காலவரையறை கிடையாது. மெக்கெல்ராய் வழக்கு இன்னும் சட்டப்படி திறந்தே இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் ஸ்கிட்மோரின் மக்கள் தொகை 245.